சோதனைக்கு அகப்படாத எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள ஜூ டவுன், 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட யூதர் தொழுகைக்கூடத்துக்கும் மிளகு வாணிகத்துக்கும் பெயர் பெற்றது. இத்தகைய கடைத்தெருவில் மூட்டை சுமந்து முதுமை எய்திய ஒருவர் முதுகு வலிக்கிறது என்றால், சுமையின் விளைவு என்றே எவரும் எண்ணுவர். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் வலி வாரக்கணக்கில் தணியாது, சோகையும் களைப்பும் உடன் காணுமாயின், மைலோமா என்னும் புற்றுநோயையும் கருத வேண்டும்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்கள் நோயை எதிர்க்கும் பலவகைப் புரதங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் ஓர் அணு கட்டுக்கடங்காது பெருகினால், அதன் வழித்தோன்றல்கள் யாவும் ஒரேவகைப் புரதத்தையே மிகுதியாகச் சுரக்கின்றன. எலும்பும் அரிக்கப்படுகிறது. 1845-இல் லண்டனில், எலும்பு வலியால் வருந்திய வணிகர் ஒருவரின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்தார். அமிலத்தால் திரண்டு, சூட்டில் கரைந்து, ஆறியதும் மீண்டும் திரளும் விந்தையான புரதம் அதிலிருந்தது. காலப்போக்கில் இரத்தத்திலும் சிறுநீரிலும் இத்தகைய புரதத்தைத் தேடுவது நோயறியும் முக்கிய வழியாயிற்று.

ஆனால் இந்நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூவரிடம் வழக்கமான சோதனைகளில் அப்புரதம் தென்படுவதில்லை. இதனைச் சுரக்காத மைலோமா என்பர். பெரும்பாலும் புரதம் அணுவினுள் உண்டாகியும் வெளிவருவதில்லை. சிலரிடம் உண்டாவதே இல்லை. இரத்தச் சிவப்பணுக்களின் படிவு வேகமும் உயராமல் இருக்கக்கூடும். ஆகவே நோய் தப்பிவிடுகிறது. 2001-இல் அறிமுகமான, தனித்த இலேசான புரதச் சங்கிலிகளை அளக்கும் இரத்தச் சோதனை, இவர்களில் பலரிடம் சிறிதளவு சுரப்பு உண்டென்று காட்டியது.

மிளகு மூட்டையின் தரத்தை மேற்பரப்பைக் கண்டு தீர்மானிக்க இயலாது. உள்ளிருந்து மாதிரி எடுத்தே பார்க்க வேண்டும். அவ்வாறே இங்கும் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுத்த மஜ்ஜையை நுண்ணோக்கியால் ஆராய்வது இன்றியமையாதது. அதில் ஒரே வழித்தோன்றலான பிளாஸ்மா அணுக்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, எலும்புச் சிதைவு, சோகை போன்ற கேடும் காணப்படின் நோய் உறுதியாகும். எலும்பின் தாதுச்சத்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்த பின்னரே சாதாரண எக்ஸ்-ரே படத்தில் சிதைவு தெரியுமாதலால், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

களப்பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றே: புரதம் தென்படவில்லை என்னும் அறிக்கை, நோய் இல்லை என்னும் சான்று ஆகாது. குறிகள் தொடருமாயின், மஜ்ஜைப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வலிநிவாரணி மாத்திரைகளைத் தாமே தொடர்ந்து உட்கொள்வது சிறுநீரகத்துக்குத் தீங்காகலாம். கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ, முதுகுத் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாகக் கொண்டு அன்றே அனுப்புதல் வேண்டும். உரிய காலத்தில் நோய் அறியப்பட்டால், மருந்துகளால் அதனைப் பல ஆண்டுகள் அடக்கி வைக்க இன்று பலருக்கு இயலும்.