தூதரக உதவிப் பணமா? முதலில் காகிதத்தைச் சரி பண்ணு

பூந்துறைப் பிள்ளைகளுக்குப் படிப்பறை, ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் என்று திருவனந்தபுரத்தில் சங்கம் நடத்தும் தங்கச்சி, கொஞ்சம் உட்கார். சென்னையிலிருக்கும் ஜப்பான் துணைத் தூதரகம் கேரளத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அது தரும் உதவிப் பணம், சின்ன அமைப்புகளுக்கு அந்த நாட்டு அரசு 1989 முதல் உலகம் முழுக்கக் கொடுத்துவருவது. ஒரு திட்டத்துக்கு 1 கோடி யென் வரை என்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது, இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள். திருப்பித் தர வேண்டாம். அதற்காக உடனே விண்ணப்பத்தில் கை வைக்காதே.

1. முதலில் எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டு அரசின் பணமும் இந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும். பதிவு வேண்டுமென்றால் சங்கம் தொடங்கி 3 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 ஆண்டில் சேவைக்கென்றே 15 லட்சம் ரூபாய் செலவாகியிருக்க வேண்டும். அவ்வளவு இல்லையா? இந்த ஒரு உதவிக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேள். தருபவர்களின் உறுதிக் கடிதம் அதற்கு வேண்டும். "பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்தால் சங்கத்துக்கே ஆபத்து.

2. கணக்கு டெல்லியில். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். ரயில் ஏறாதே, பக்கத்துக் கிளை வழியாகவே திறக்கலாம்.

3. பொருளைக் கேள், சம்பளத்தைக் கேட்காதே. இங்கேதான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். கட்டடம், கருவி, வண்டி கிடைக்கும். சம்பளம், வாடகை, அன்றாடச் செலவு கிடைக்காது. ஒருமுறை கொடுத்துவிட்டு அவர்கள் விலகிக்கொள்வார்கள், பிறகு நடத்த வேண்டியது நீதான். அதனால் ஆம்புலன்ஸ் கேட்டால் டிரைவர் சம்பளமும் டீசலும் எங்கிருந்து வரும் என்று நீயே எழுதிவிடு, கேட்கும்வரை காத்திருக்காதே. கட்டடமென்றால் நிலம் யார் பேரில் என்று பார். பூந்துறை, வலியதுறை மாதிரிக் கடலோரமானால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டுமா என்று மாநகராட்சியில் முதலிலேயே விசாரி. வரைபடம் போட்ட பிறகு விசாரித்தால் காசும் போகும், மாதங்களும் போகும்.

4. மூன்று கொட்டேஷன். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வெவ்வேறு கடை. மூன்றையும் ஒரே கடைக்காரரிடம் எழுதி வாங்காதே, கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. நம் ஊர்ச் சங்கங்கள் பலவும் 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. நியமாவளி, அதாவது சங்க விதிகள், மலையாளத்தில் இருந்தால் விண்ணப்பத்தோடு வைக்க இப்போதே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வை.

6. வந்த பணத்தில் ஒரு பங்கைப் பக்கத்துச் சங்கத்துக்குக் கொடுக்காதே. 2020 முதல் அது தடை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டுக் கணக்கான எஃப்.சி.-4 படிவத்தை டிசம்பர் 31க்குள் போடு. பணமே வராத ஆண்டிலும் போடு!