முகத்துவாரமும் கணினித்திரையும்

திருப்பாலைவனம், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டிற்குச் செல்லும் வழியில் உள்ள ஊராகும். பெயரைக் கேட்டு மணற்பரப்பை எண்ண வேண்டா. பாலை மரங்கள் நிறைந்த வனம் என்பதே அதன் பொருள் என்பர். அவ்வூரைக் கடந்து சென்றால் பழவேற்காடு ஏரி விரிகிறது. இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது அது.

ஏரியும் வங்கக்கடலும் கலக்கும் வாயில் முகத்துவாரம் எனப்படும். அலை ஒதுக்கும் மணல் அவ்வாயிலை அவ்வப்போது தூர்த்துவிடுகிறது. தூர்ந்தால் படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது; கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவதும் தடைப்படும். ஆகவே, முகத்துவாரம் எப்போது அடைபடுகிறது, எவ்வளவு காலம் அடைபட்டுக் கிடக்கிறது என்னும் வினாக்கள் அங்குள்ள மாணவரின் வீட்டு வருவாயைத் தொடுபவை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இடம்பெறும் விரைவுத்துலங்கல் குறியீடு, பாடத்திற்குரிய காணொலிக்கு நம்மை அழைத்துச் செல்லும். நாம் தேடும் விடையையோ எவரும் காணொலியாக ஆக்கிவைக்கவில்லை. அதனைத் தேடுவதற்குரிய கருவிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கூகுள் எர்த்தின் காலவோட்டக் காட்சி, 1984 முதல் நிலப்பரப்பு மாறிவந்த விதத்தை ஆண்டுவாரியாக ஓட்டிக்காட்டும். கரை நகர்வதைக் காண வியப்பாகவே இருக்கும். எனினும், ஓராண்டில் எடுத்த பல படங்களைக் கலந்து, மேகம் நீக்கி, ஆண்டுக்கு ஒரு படமாக அதனை ஆக்கியுள்ளனர் என்பதை மறத்தலாகாது. கோடையில் சில மாதங்கள் அடைபட்டு, மழைவெள்ளத்தில் திறந்துகொண்ட முகத்துவாரம் அப்படத்தில் ஆண்டு முழுதும் திறந்திருந்ததுபோல் தோன்றக்கூடும். விடை கிடைத்துவிட்டது என்று இவ்விடத்தில் கணினியை மூடுபவர் ஏமாறுவார்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்க வல்லவை. கோப்பர்நிக்கஸ் உலாவியில் நாளைக் குறிப்பிட்டு அப்படங்களைக் காணலாம். அவற்றில் ஒரு படப்புள்ளியின் பக்கம் 10 மீட்டர் நிலத்தைக் குறிக்கும். 60 மீட்டர் அகலமுள்ள வாயில் ஏறத்தாழ ஆறு புள்ளிகளாகத் தெரியும். அவற்றை எண்ணியே அகலத்தை மதிப்பிட இயலும். இணைப்புத் தளர்ந்த ஊர்களில் ஆசிரியர் படங்களை முன்னரே பதிவிறக்கிவைத்தால், ஒரே கணினியைக் கொண்டு வகுப்பு முழுவதும் இப்பணியைச் செய்யலாம்.

இக்கருவிக்கும் குறைகள் உண்டு. மிகக் குறுகிய வாயில் தெளிவாகப் புலப்படாது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மேகம் ஏரியை மறைத்துவிடும். வெள்ளம் மணலை அரித்து வாயிலைத் திறக்கும் பருவமும் அதுவே!

அவ்விடைவெளியை நிரப்ப வல்லவர் படகு செலுத்துவோரே. எந்த வாரத்தில் படகின் அடி மணலில் தட்டியது என்று தாத்தாவிடம் கேட்டு, நாளிட்டு எழுதிய குறிப்பையும் அதே வாரத்துப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் மாணவர் மீண்டும் கரைக்குச் செல்ல நேரும். இப்பயிற்சியின் சுவையான பகுதி அங்குதான் தொடங்குகிறது.

எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமாகிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதில் ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே சேர்க்கலாம். செயற்கைக்கோள் படத்தில் மணல்திட்டு தெரியும். அத்திட்டிற்கு மீனவர் வழங்கும் பெயர் தெரியாது. கேட்டறிந்த மாணவர் அதனை அவ்வரைபடத்தில் எழுதிவைக்கலாம்.