பொழுதுபோக்குக்குத் தனிப் பை வேண்டும்



இந்த வாரம் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். மரம் அரியும் மெஷினை, அதாவது செயின்சோவை, ஆசைக்குச் சேர்ப்பதும் திருத்துவதும் பற்றியது. புங்குடுதீவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தமிழ்ச் சகோதரர் ஒருவர் சாமான் எடுக்க வந்த இடத்தில் என்னிடம் கேட்டார்: “நானா, என்னட்டைப் பதினொரு மெஷின் நிக்குது. ஓடுறது நாலு. மனுசி இதைச் செலவு எண்டுறா, நான் முதல் எண்டுறன். ஆர் சொல்லுறது சரி?”

கணக்கு எழுதாதவரை இது செலவுதான், எழுதினால் முதலாகலாம் என்று சொன்னேன். அதன் விளக்கம்தான் இந்தக் கட்டுரை. நம்மில் ஒருவர் புறா வளர்க்கிறார், இன்னொருவர் பழைய மோட்டார் சைக்கிள் சேர்க்கிறார், வேறொருவர் பழைய ரேடியோ திருத்துகிறார். யாருக்கும் பொருந்தும் கணக்கு ஒன்றுதான்.

தீவகத்தில் ஏன் இந்த மெஷின்?

வேலணையில் இருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மறுமுனையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் சனமும் சாமானும் அந்த வழியாகத்தான் போகின்றன. 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். ஆளில்லாத வளவுகளில் மரமும் பற்றையும் மூடின. திரும்பி வந்தவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்து வளவைத் துப்புரவாக்கச் சொன்னவர்களுக்கும் மரம் அரியும் மெஷின் தேவைப்பட்டது. வீட்டுக் கூரைக்குப் பனஞ்சலாகையும் வேண்டும்.

ஆனால் அங்கு மெஷினுக்கு ஆயுள் குறைவு. பனையின் வெளி வைரம் செயினின் பல்லைச் சீக்கிரம் மழுங்கச் செய்யும். வடக்கின் மரங்களுக்குள் ஷெல் துண்டு புதைந்து கிடப்பதும் அரிவுகாரர் அறிந்த விடயம். கடற்காற்று இரும்பைத் தின்னும். ஆகவே பழுதான மெஷின் மலிவாகக் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவனுக்கு வேலையும் கிடைக்கும்.

திருத்தும் கைப்பழக்கம் நமது பகுதிக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், தொடக்கத்துக்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றதை ஓட வைப்பது அந்தத் தலைமுறை கற்ற பாடம். நம்மவர்களும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கடையையும் சரக்கையும் விட்டுத்தான் போனார்கள். கூடவே போனது கைத்தொழிலும் நாணயமும் மட்டும். எனவே திருத்தும் ஆசையை நான் குறைவாகப் பேசமாட்டேன். கணக்கில்லாத ஆசையைத்தான் பேசுகிறேன்.

பழைய மெஷினுக்கு ஏன் மதிப்பு?

ஜேர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் தமது கம்பெனியைத் தொடங்கி மின்சாரத்தில் ஓடும் மெஷினைச் செய்தார். 1929இல் பெற்றோல் மெஷின் வந்தது. அவற்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூக்கும் மெஷின்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். சுவீடனின் ஹஸ்க்வர்னா 1959இல் இந்தத் தொழிலுக்கு வந்தது. இன்றைய செயினின் பல் அமைப்பும் ஒரு புழுவிடம் படித்ததுதான். மரத்தைக் குடையும் வண்டின் புழு இருபக்கமும் மாறி மாறி அரிப்பதை அமெரிக்காவின் ஜோ கொக்ஸ் என்பவர் கவனித்து, 1947இல் செயின் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் ‘ஒரிகன்’ செயின்.

நம் நாட்டில் பெரிய மரம் அரிபவர்கள் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கும் மெஷின் ஸ்டில் 070. அதன் சீனப் பிரதிகளும் ஏராளம் உண்டு. அசலுக்கும் பிரதிக்கும் விலை வித்தியாசம் பெரிது. அசலின் பாகம் தனியாகவும் விலை போகும். சேகரிப்புக்கான பணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்றில் ஒன்று

உலகெங்கும் இந்த ஆசை உள்ளவர்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. ஒரே மாதிரியான பழுதான மெஷின் மூன்றை வாங்குவார்கள். இரண்டை ஓட வைத்து, மூன்றாவதைக் கழற்றிப் பாகமாக விற்பார்கள். ஓடும் இரண்டில் ஒன்றை விற்று, மற்றதை வைத்துக்கொள்வார்கள். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான். கணக்கின் வழியை மட்டும் பாருங்கள்.

பழுதான மூன்று மெஷின், ஒன்று 15,000 ரூபாய் வீதம்: 45,000.
பிஸ்டன் வளையம், கஸ்கட், காபரேட்டர் கிட், பெற்றோல் குழாய், பிளக்: 18,000.
ஏற்று கூலி, எண்ணெய்: 4,000.
மொத்தச் செலவு: 67,000.

ஓடும் மெஷின் ஒன்றை விற்றது: 55,000.
மூன்றாவதில் இருந்து பார், கிளச், கொயில், மூடிகள் விற்றது: 17,000.
மொத்த வரவு: 72,000.

கையில் 5,000 ரூபாய் மிச்சம். ஒரு நல்ல மெஷினும் அலுமாரியில் நிற்கிறது. அதற்குக் கடை லாச்சியில் இருந்து ஒரு சதம் போகவில்லை. அடுத்த மூன்று மெஷினுக்கான முதலும் இந்தப் பையிலேயே சுழல்கிறது.

ஆனால் இதில் எழுதாத ஒரு செலவு உண்டு. அது நேரம். மூன்று மெஷினைக் கழற்றிப் பூட்ட 30 மணித்தியாலம் போனது என்று வைப்போம். இரவில், வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் போனால் அது உங்கள் ஓய்வு. கடை திறந்திருக்கும் நேரத்தில் போனால் அது வியாபாரத்தின் நேரம். வாடிக்கையாளர் நிற்க, முதலாளி பின்கட்டில் காபரேட்டர் கழுவிக்கொண்டிருந்தால் அந்த 5,000 ரூபாய் இலாபமல்ல, நட்டம்.

புங்குடுதீவுச் சகோதரரின் பதினொரு மெஷினில் ஏழு ஓடாமல் நிற்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதிரி. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. கண்டதை வாங்குவது சேகரிப்பாகாது, அது இரும்புக் குவியல். இரண்டு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாகமாக்கி விற்கும்படி சொன்னேன். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது, புதுப் பாகத்தின் விலையும் கூடவே ஏறியது. அப்படியான காலத்தில் கழற்றிய பாகம் வைத்திருந்தவரைத்தான் ஆட்கள் தேடி வருவார்கள்.

மற்றவர் ஹக்கு

கடை கூட்டு வியாபாரமாக இருந்தால் பங்காளியின் சம்மதமின்றிக் கடைப் பணத்தையோ கடைப் பொடியன்களின் உழைப்பையோ நமது ஆசைக்கு எடுக்க முடியாது. “பிறகு போட்டுவிடலாம்” என்ற எண்ணம் பங்காளியின் ஹக்கை மாற்றாது. கடைக்கென்று வாங்கிய எண்ணெயும் அரமும் கூட அந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்னொரு விடயம், திருத்தத் தந்துவிட்டுத் திரும்பி வராதவரின் மெஷின். தீவகத்தில் இது அடிக்கடி நடப்பது. தந்தவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போயிருப்பார். அந்த மெஷின் இரண்டு வருடம் மூலையில் கிடந்தாலும் அது அமானிதம். அதிலிருந்து ஒரு ஆணியைக் கழற்றி நமது மெஷினுக்குப் பூட்டக் கூடாது. பொறுப்பேற்கும்போதே துண்டு எழுதுங்கள்: பெயர், தொலைபேசி, கூலி, எத்தனை மாதத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன செய்வது. இருவரும் ஒப்பமிடுங்கள். ஊரில் இருக்கும் அவரது உறவினரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விட்டும் சிலர் இந்த ஆசைக்குப் பணம் தேடுகிறார்கள். அதில் உயிர் ஆபத்து உண்டு. 070 போன்ற பழைய மெஷின்களில் செயினைச் சட்டென்று நிறுத்தும் பிரேக் கிடையாது. பார் மேலே உதைத்தால் முகத்துக்குத்தான் வரும். பழையது அலுமாரிக்கு, பிரேக் உள்ளது வாடகைக்கு என்று பிரித்து வையுங்கள். பழக்கமில்லாதவர் கையில் எதையும் கொடுக்காதீர்கள்.

குறையைச் சொல்லி விற்போம்

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வு நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டது. ஈரத்தை மேலே, பார்ப்பவர் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை. பழைய மெஷினில் அந்த ஈரம் என்ன? சிலிண்டரில் விழுந்த கீறல், பிரதிப் பாகம், சூடானால் நின்றுவிடும் குணம். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனின் கீறல் கண்ணுக்குத் தெரியும். வாங்குபவருக்கு அதைக் காட்டியே விற்க வேண்டும். சீனப் பிரதியை அசல் என்று விற்றால் அந்தப் பணத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

கலவை அளவையும் சொல்லிக் கொடுங்கள். பெற்றோல் 50 பங்குக்கு இரண்டு ஸ்ட்ரோக் ஓயில் ஒரு பங்கு என்பது கம்பெனியின் நல்ல ஓயிலுக்கான அளவு. சாதாரண ஓயில் என்றால் 25க்கு ஒன்று. ஓயில் இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். பிறகு வாங்கியவர் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

ஸகாத்துக் கணக்கு

நமது சகோதரர்கள் தடுமாறும் இடம் இது. நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத்துத்தான் அளவுகோல். சொந்தத்துக்கு என்று வாங்கி வைத்த மெஷினுக்கும், வேலைக்குப் பாவிக்கும் ஆயுதங்களுக்கும் ஸகாத் இல்லை. விற்பதற்கென்றே வாங்கியது வியாபாரச் சரக்கு. ஆண்டு முடிவில் அதன் சந்தை விலையை மற்றச் சரக்கோடும் பணத்தோடும் கூட்டி, நிஸாபை அடைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கழற்றி வைத்த பாகமும் விற்பனைக்கு என்றால் சரக்குத்தான். சொந்தத்துக்கு வாங்கியதைப் பிறகு விற்கலாம் என்று நினைத்தால், நினைப்பு மட்டும் அதைச் சரக்காக்காது. விற்று வந்த பணம் மற்றப் பணத்தோடு சேரும்.

ஆகவே வாங்கும் அன்றே கொப்பியில் எழுதுங்கள்: “வைப்பதற்கு”, “விற்பதற்கு”. ஸகாத் மாதம் வந்ததும் எல்லாவற்றையும் “வைப்பதற்கு” என்று மாற்றுபவர் கொப்பியை ஏமாற்றலாம், அல்லாஹ்வை ஏமாற்ற முடியாது. சந்தேகம் உள்ள இடத்தில் ஊர் ஆலிமிடம் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள்

2019இல் செயின்சோ வைத்திருப்போர் பொலிஸில் பதிய வேண்டும் என்று நமது நாட்டில் உத்தரவு வந்தது. பதிவுத் துண்டு இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். அது களவுச் சாமானாகவும் இருக்கலாம். இன்றைய நடைமுறையைப் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிந்துகொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும். சொந்த வளவில் நின்றாலும் அப்படித்தான். மெஷினை வாடகைக்கு விடுபவர் அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகு விடுவது நல்லது.

சுருக்கமாக ஐந்து விடயம். ஆசைக்குத் தனிப் பை, தனிக் கொப்பி. தொடக்க முதலை ஒருமுறை மட்டும் சொந்தப் பணத்தில் போடுங்கள், கடனிலோ வட்டித் தவணையிலோ வேண்டாம். பை வெறுமையானால் அடுத்ததை வாங்க வேண்டாம், ஒன்றை விற்றுவிட்டு வாங்குங்கள். கடை நேரத்தில் கை வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கொப்பியை மனைவியிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சரி என்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

வல்ல அல்லாஹ் நமது உழைப்பிலும் ஓய்விலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.