மலைமுகாமுக்குப் புறப்படும் பிள்ளைக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் என்று சாகச முகாம்கள் தொடங்கிவிடும். பாறை ஏறுவது, கயிற்றில் இறங்குவது, ஏரியில் துடுப்புப் போடுவது, கூடாரத்தில் தூங்குவது என்று நாலைந்து நாள். பதின்வயதுப் பிள்ளையை முதன்முறையாக அனுப்பும் வீடுகளுக்காக இந்தக் குறிப்புகள். ஆயத்த வேலைகளை முடிந்தவரை பிள்ளையின் கையாலேயே செய்ய விடுங்கள். அம்மா அடுக்கிக் கொடுத்த பையில் எது எங்கே இருக்கிறது என்று, ராத்திரி பத்து மணிக்குக் கூடார இருட்டில் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

1. பணம் கட்டும் முன் முகாம் நடத்துபவரிடம் நேராகப் பேசுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், முதலுதவி படித்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி தயாராக நிற்குமா, பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் பெண் பொறுப்பாளர் இருப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீர் விளையாட்டு இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமா என்று தனியாகக் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்று மழுப்பினால் வேறு முகாம் தேடுங்கள். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி.

2. காட்டுக்குள் நடைப்பயணம் உண்டு என்றால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. புல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் வனத்துறையே பல பாதைகளை மூடிவிடும். மூடிய பாதையில் "நமக்குத் தெரிந்த குறுக்கு வழி" என்று கூட்டிப் போகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அவரை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

3. ஷூவை முகாமுக்கு முதல்நாள் வாங்காதீர்கள். மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் அரைமணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கினால் இன்னும் நல்லது. இறங்கும்போது பெருவிரல் முன்னால் போய் இடித்தால் அந்த அளவு சரியில்லை. கடைக்கு மாலையில், முகாமில் போடப்போகும் சாக்ஸோடு போங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருப்பதால் சரியான அளவு கிடைக்கும். கால் நகங்களைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நேராக வெட்டிவிட வேண்டும். சாக்ஸ் ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி. ஈரமான சாக்ஸோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். குதிகால் லேசாக எரியும்போதே துணிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கொப்புளம் வந்துவிட்டால் அதை உடைக்கக் கூடாது.

4. சக்கரம் வைத்த பெட்டி மலைப்பாதையில் உதவாது. முதுகுப்பையே சரி. உள்ளே பெரிய குப்பைப் பை ஒன்றை உறைபோல் விரித்து, அதற்குள் துணிகளை வைத்தால் கோடைமழை கொட்டினாலும் உள்ளே நனையாது. ஒரு நாளுக்கான சட்டை, பேன்ட், உள்ளாடை, சாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, ஒரு மஞ்சப்பையில் போட்டு, மேலே "செவ்வாய்", "புதன்" என்று எழுதிவிடலாம். அழுக்குத் துணிக்கு ஒரு பை தனியாக. அடுக்கி முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவரச் சொல்லுங்கள். நாள் முழுக்கச் சுமக்கும் பை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 45 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ. தண்ணீர்ப் பாட்டிலின் எடையும் அதில் சேர்த்தி.

5. சென்னை, மதுரை வெயிலில் நின்று யோசித்தால் ஸ்வெட்டர் நினைவுக்கே வராது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறையும். 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் மே மாதத்தில்கூட இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். ஒரு தடித்த ஸ்வெட்டரை விட இரண்டு மெல்லிய முழுக்கைச் சட்டையும் காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட்டும் வசதி. வேண்டும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது.

6. டர்க்கி டவலை வீட்டிலேயே வையுங்கள். ஈரிழைத் துண்டு இரண்டு போதும். ஒரு மணி நேரக் காற்றில் காய்ந்துவிடும், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், கை பிசகினால் தூளி கட்டவும் ஆகும்.

7. டார்ச் பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோவது வாடிக்கை. பேட்டரிகளில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைத்தால் எரியாது, போனபின் திருப்பிக்கொள்ளலாம். விலை கொஞ்சம் கூடினாலும் நெற்றியில் மாட்டும் விளக்கு வாங்குவது நல்லது. இரவில் கழிப்பறைக்குப் போகும்போது இரண்டு கையும் காலியாக இருக்கும்.

8. கயிற்றில் இறங்கும் பயிற்சியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடுப்புக்கு முன்னால் கயிறு ஓடும் உலோகக் கருவிக்குள் தொங்கும் தலைமுடி சிக்கிக்கொள்ளும். பாதிப் பாறையில் தொங்கியபடி அதை விடுவிப்பது பெரும்பாடு. நீளமான முடி உள்ள பிள்ளைகள் பின்னலை மடித்துக் கட்டி, சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். துப்பட்டா, தொங்கும் கம்மல், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. மோதிரத்தைக் கட்டாயம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பிடிமானத்தில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடல் நழுவினால் விரலே சிதைந்துவிடும். ஹெல்மெட்டின் நாடி வாரைத் தளர்வாக விட்டால் ஹெல்மெட் போட்டும் பயனில்லை. வாருக்கும் நாடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு போதும். கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பின்பக்கம் கட்டும் பட்டையும், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.

9. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு வையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. உறையில் அளவு அச்சிட்டிருக்கும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கலக்கக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது.

10. தின்பண்டம் கொஞ்சமாக இருக்கட்டும். கடலைமிட்டாய், பொட்டுக்கடலை, உலர்திராட்சை, பேரீச்சை போன்றவை ஒரு கைப்பிடி தின்றாலே நடக்கத் தெம்பு தரும். ஆனால் எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. வாசனைக்கு எலி வரும், எறும்பு வரும், பகலில் குரங்கு கூடாரத்தையே கிழித்துவிடும். முகாமின் சமையல்கூடத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

11. தினமும் சாப்பிடும் மாத்திரை, இன்ஹேலர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த உணவு ஒவ்வாது, ரத்தவகை என்ன என்று ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதி பொறுப்பாளரிடம், இன்னொன்று பையின் மேல் அறையில். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாறை உச்சியில் மூச்சு முட்டும்போது, கீழே கூடாரத்தில் இருக்கும் மருந்து உதவாது.

12. மாதவிலக்குத் தேதி தள்ளி இருக்கிறதே என்று நாப்கின் வைக்காமல் அனுப்பாதீர்கள். பயணத்திலும் அலுப்பிலும் தேதி மாறுவது சகஜம். நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு கறுப்புப் பை மூன்றையும் சேர்த்து வையுங்கள். காட்டில் எறியாமல், அந்தப் பையில் கட்டி முகாமின் குப்பைத்தொட்டி வரை கொண்டுவர வேண்டும். அந்த நாட்களில் பாறை ஏறுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். ஏறக் கூடாது என்றோ ஏறியே ஆக வேண்டும் என்றோ யாரும் சொல்ல வேண்டியதில்லை.

13. ஏலகிரிக்கு 14 கொண்டைஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதி வழியில் வாந்திதான். இரண்டு இட்லியோடு நிறுத்தி, வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் எதிரே தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காரில் கொண்டுபோய் விடுவதென்றால், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை இருப்பதை மறக்க வேண்டாம்.

14. மழை பெய்த சோலைக்காட்டில் அட்டைகள் காலைத் தேடி வரும். பேன்ட்டின் அடிப்பகுதியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைச் செருகித் தள்ளினாலே விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திக் கட்டினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. பாம்புக்கடி வேறு. வெட்டுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

15. கோடையில் மலைமேல் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இடிச் சத்தம் கேட்டதுமே பாறை உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. ஏரியில் இருந்தால் கரையேற வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே மறுபடி வெளியே வரலாம்.

16. பல முகாம்களில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது நல்லதுதான். ஆனால் பிள்ளைக்கு இரண்டு எண்களாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். கூடவே 1098, குழந்தைகள் உதவி எண். யாராவது தொட்ட விதம் பிடிக்கவில்லை என்றாலோ, மூத்த பிள்ளைகள் ராகிங் செய்தாலோ, யாராக இருந்தாலும் சொல்லலாம் என்றும், நடுராத்திரியானாலும் வந்து கூட்டிக்கொண்டு போவோம் என்றும் கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கத்தால் இதைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

17. போவதற்கு முந்தைய வாரம் வீட்டில் ஒத்திகை பாருங்கள். பச்சைத்தண்ணீரில் ஒரு வாளிக்குள் குளிப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, மொட்டைமாடியில் பாய் விரித்துத் தூங்குவது, துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் '8' வடிவ முடிச்சுப் போட்டு அவிழ்ப்பது. முடிச்சு தெரிந்த பிள்ளைக்கு முதல்நாளே பயம் பாதி விலகும்.

18. திரும்பி வந்த பையை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே அவிழ்த்து உதறுங்கள். துணிகளை உடனே வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

19. அன்றே பிள்ளையின் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை பதிந்த இடம், காதின் பின்புறம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். புல்வெளியிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரலாம். கடித்த அன்று வலிக்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று தொடங்கும். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. முகாமிலிருந்து வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். "மலையில் கூடாரத்தில் தங்கியிருந்தான்" என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். தக்க ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.