சடுகுடுக் கணக்கு

இராமநாதபுரக் கடற்கரை மணலிற் சடுகுடு ஆடும் மாணாக்கர், வென்றோம் தோற்றோம் என்பதோடு அமைவர். மீண்டெழ முயலும் ஓர் அணியின் முன்னேற்றத்தை அளத்தற்கு அது போதாது. 'தமிழ் தலைவாஸ்' என்னும் தொழில்முறைக் கபடி அணியை நோக்குக. 2019-இல் 22 ஆட்டங்களில் 4 வென்று, 15 தோற்று, 3 சமன் செய்து, பன்னிரண்டு அணிகளுள் கடைசியாய் நின்றது. 2021-22 பருவத்தில் வெற்றி 5, இடம் பதினொன்று. இடத்தையே காண்பார் விருத்தி இல்லை என்பர். ஆயினும் தோல்வி 11 ஆகக் குறைந்தது. சமன் 6 ஆயிற்று. வெற்றிக்கு 5, சமனுக்கு 3, ஏழு புள்ளிக்கு மேற்படாத தோல்விக்கு 1 என்பது அந்நாளைய விதியாதலின், 37 ஆக இருந்த தொகை 47 ஆயிற்று.

2022-இல் முதலாட்டத்திலேயே தலைவர் பவன் செராவத் காயமுற்று நீங்கினார். அவ்வோர் ஆட்டங்கொண்டு பருவத்தை அளந்திருப்பின் பிழையாகும்: 10 வெற்றி, 66 புள்ளி, ஐந்தாமிடம், அரையிறுதி! பிடிப்போராகிய சாகரும் சாகில் குலியாவும் முன்னரே இருந்தவர். அவர்தம் உறுதியை முற்பருவக் கணக்குக் காட்டியிருக்கும். பாடிச் சென்று 243 புள்ளி ஈட்டிய நரேந்தரோ புதியவர். அவர் வரவை எக்கணக்குக் காட்டும்?

அடுத்த பருவத்தில் வெற்றி 9, ஒன்றே குறைவு. ஆனால் சமன் ஒன்றுமில்லை; தோல்வி 13; இடம் ஒன்பது.