நட்சத்திர மதிப்பும் நடுவு நிலைமையும்

வாடகைக் காரினின்று இறங்கிய பிரயாணி, தம் கைப்பேசியில் தோன்றும் ஐந்து நட்சத்திரங்களுள் சிலவற்றைத் தொட்டு ஓட்டுநரை மதிப்பிடுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஊபரும், 2010இல் நம் நாட்டில் தோன்றிய ஓலாவும் இவ்வழக்கத்தை நகரங்கள்தோறும் பரப்பின. பிரயாணிக்கு இஃது ஒரு கணத்துச் செய்கை. ஓட்டுநர்க்கோ ஜீவனத்தைப் பற்றியது. ஆதலின், இம்மதிப்பு ஓட்டுநர்க்கு நீதியானதா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இம்முறையின் நன்மையைக் கூறுதல் தகும். அறியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவரது வண்டியில், இரவில் தனித்துச் செல்லும் பெண்ணுக்கு, அவ்வோட்டுநரைப் பற்றிப் பிறர் கொண்ட கருத்து ஒரு துணையாகும். முன்னாளில் பேசிய கூலிக்கு மேல் கேட்கப்பட்டுத் தவித்த பிரயாணிக்குக் குறை கூற இடமில்லை, இன்று உண்டு. நன்கு ஓட்டுபவர்க்கும் நற்பெயர் சேர்கிறது. இவற்றை மறுப்பார் இலர்.

நிற்க. அந்நட்சத்திரம் அளப்பது யாது? சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஒரு வாடகைக் கார் சென்று திரும்புவதாகக் கொள்வோம். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள. வளைவுதோறும் வேகத்தைக் குறைப்பவரே நல்ல ஓட்டுநர். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அதனைக் காப்பவர்க்குத் திரும்புகையில் நேரம் மிகும். மூடுபனி கவிந்தால் இன்னும் மிகும். மே மாதத்துக் கோடைவிழா நாளாயின், ஒண்டிக்கடைச் சந்திப்பில் வண்டிகள் நெருங்க, நகரவும் இயலாது நிற்க நேரிடும். பசியும் தலைச்சுற்றலுமாய் இறங்கும் பிரயாணி, சினந்து இரண்டு நட்சத்திரம் இடுகிறார். அதன்கண் பனியின் பங்கு எவ்வளவு, நெரிசலின் பங்கு எவ்வளவு, நிறுவனம் விதித்த கட்டணத்தின் பங்கு எவ்வளவு, ஓட்டுநர் பிழை எவ்வளவு எனப் பிரித்தறிவார் யார்? அனைத்தும் ஓட்டுநர் பெயரிலேயே எழுதப்படும். விதியை மீறி விரைந்தவர் ஐந்து பெறுதலும் கூடும்.

அடுத்துக் கணக்கை நோக்குவோம். ஊபரில் ஓட்டுநரது மதிப்பாவது, அவர் அண்மையிற்பெற்ற 500 மதிப்புகளின் சராசரி. தம் சராசரி 4.6க்குக் கீழ் இறங்கியமையால் நீக்கப்பட்டதாக அமெரிக்க ஓட்டுநர் ஒருவர் 2020இல் வழக்குத் தொடுத்தார். அந்த 4.6 என்பதன் பொருள் யாது? ஒன்பது பிரயாணிகள் முழு ஐந்தும், பத்தாமவர் ஒன்றும் இட்டால் சராசரி 4.6 ஆகும். ஒருவரது சினத்தை ஈடுசெய்ய ஒன்பதின்மரது நிறைந்த மகிழ்ச்சி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். எல்லாரும் நான்கு இடுவராயின், ஓட்டுநர் வேலை இழப்பார். நம் தேர்வுகளில் நூற்றுக்கு எண்பது வாங்கியவரைத் தேறாதவர் என எவரும் சொல்லார். நான்கு இடும் பிரயாணியும் தாம் நன்மதிப்பு அளித்ததாகவே எண்ணியிருப்பார்.

அவ்வழக்கில் மற்றொரு கருத்தும் எழுந்தது. ஆசிய மரபினரான அவ்வோட்டுநர், பிரயாணிகளின் இனவெறுப்பு மதிப்பினுட் கலந்துவருகிறது என்றார். முதலாளி தாமே இனங் கருதி ஒருவரை நீக்கின் சட்டம் தடுக்கும். ஆயிரம் பிரயாணிகளின் விரல் வழியே அவ்வெறுப்பு வரின், அஃது எண்ணாகி மறைந்துவிடும். நிறமும், மொழியும், சாதியும், சமயமும் பார்க்கும் கண் நம் நாட்டில் இல்லையெனத் துணிந்து கூறுவார் யார்?

மத்திய அரசு 2025இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மதிப்பு வரிசையில் அடியில் நிற்கும் நூற்றுக்கு ஐவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபயிற்சி பெறல் வேண்டும் என்கின்றன. பயிற்சி நன்றே. ஆயினும் வரிசை என ஒன்றிருந்தால் அடியில் யாரேனும் நின்றே தீர்வர். எல்லாரும் நல்லவராயினும் ஐவர் கடையராவர்.

ஒண்டிக்கடையில் நிற்கும் வாடகை வண்டி ஓட்டுநரை ஒருவர் குறை கூறின், அது பலரறியக் கூறப்படும்; அவர் அங்கேயே மறுமொழி சொல்வார்; உடன் நிற்பாரும் கேட்பர். அம்முறையிலும் குறையுண்டு, வெளியூரார்க்கு அங்குச் சார்பாகப் பேசுவார் இலர். எனினும் குற்றஞ் சாட்டப்பட்டவர்க்கு வாய் உண்டு. நட்சத்திரத்திலோ, இட்டவர் யார், எதற்காக இட்டார் என்பவை ஓட்டுநர்க்குத் தெளிவாக விளங்குவதில்லை. பிரயாணியின் பெயரை மறைத்தல் அவரது பாதுகாப்பிற்கு வேண்டுவதே. காரணத்தையும் மறைத்தல் எதற்கு? திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் உண்டு. ஒருவரைத் தெளிதற்குமுன் அவர் குணமும் குற்றமும் இரண்டும் ஆராயப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆராய்தல் இல்லாத எண், தெளிவு ஆகாது.

இவ்வுண்மை அரசுகளுக்கும் புலப்படத் தொடங்கிற்று. கருநாடகம் 2025இல் இயற்றிய சட்டம், இத்தகைய தொழிலாளரை நீக்குதற்கு எழுத்து மூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது. நம் தமிழ்நாட்டில் 2023இல் இவர்க்கென நலவாரியம் அமைந்தது. நலவாரியம் இடர்க்காலத்தில் உதவும். தவறான மதிப்பை விசாரித்துத் திருத்துவதற்கோ தனியே ஒரு வழி வேண்டும்.

ஆகவே, நட்சத்திரம் நல்ல சாட்சி. அதனையே நீதிபதியாக்குதல் தகாது என்பது எம் துணிபு. குறைந்த மதிப்பு இடுவார் காரணமும் கூறல் வேண்டும்; பனி, நெரிசல், கட்டணம் ஆகியவற்றால் வந்த குறை ஓட்டுநர் கணக்கில் சேரலாகாது; நீக்குமுன் ஒரு மனிதர் அவர்தம் மறுமொழியைக் கேட்டல் வேண்டும். கார்க் கடனின் மாதத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவ்வெண்ணைச் சார்ந்து நிற்கின்றன.

நண்பர்காள்! சட்டம் வருமளவும் காத்திருக்க வேண்டா. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், வண்டியினின்று இறங்கியவுடன் விரலை எடுக்குமுன், இத்தாமதம் யாரால் வந்தது என ஒருமுறை வினவிக்கொள்வோமாக. மதிப்பிடும் அதிகாரம் நம் கைக்கு வந்தபொழுது, நடுவு நிலைமையும் நம் கடமையாயிற்று.