கல் போனதா என்று மூன்று மாதம் கழித்துக் கேளுங்கள்

ஓமந்தூரிலும் திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலும் சிறுநீரகக் கல் வந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் "கல் எடுத்தாச்சு" என்பதோடு முடிந்துவிடும். திண்டிவனத்தில் ஸ்கேன் பார்த்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறார்கள். சிலர் சென்னைக்குப் போய், எங்கள் ஊர் ராமசாமி ரெட்டியாரின் பெயர் தாங்கிய ஓமந்தூரார் தோட்டத்தில் 2014-இல் திறக்கப்பட்ட பன்னோக்கு மருத்துவமனையில் சேர்கிறார்கள். வலி நின்று வீடு திரும்பியதும் கோப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. கல் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வி யாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்துத் துணுக்கு மிச்சமிருக்கிறதா, உள்ளே வைத்த ஸ்டென்ட் என்னும் தற்காலிகக் குழாய் வெளியே வந்துவிட்டதா, ஐந்து ஆண்டுக்குள் இன்னொரு கல் வந்ததா என்று பார்த்தால்தான் தெரியும். நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் "கல் இல்லை" என்று யார், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விலாப்புறத்தைக் கிழித்துக் கல் எடுத்த காலம் மாறியது அண்மையில்தான். 1976-இல் சுவீடனில் முதுகு வழியாகச் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்தார்கள். 1980-இல் மியூனிக்கில் அதிர்வலை கொண்டு உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை உடைத்தார்கள். அதன்பின் லேசர் வந்தது, மெல்லிய வளையும் கருவிகள் வந்தன. கருவிகள் மாறிய வேகத்தில் முடிவை அளக்கும் முறை சீராகவில்லை. ஒரு மையம் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லும், இன்னொன்று அல்ட்ராசவுண்டைப் பார்த்துச் சொல்லும், மற்றொன்று சி.டி. ஸ்கேன் எடுக்கும். 4 மில்லிமீட்டர் வரை துணுக்கு இருந்தாலும் "கல் இல்லாதவர்" என்று எண்ணிய ஆய்வுகள் உண்டு. ஒரு துணுக்கும் கூடாது என்று எண்ணியவையும் உண்டு. உலகெங்கும் 96 மையங்களில் துளை அறுவை செய்துகொண்ட 5,803 பேரைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வில் கல் நீங்கியவர்கள் ஏறக்குறைய 76 சதவீதம். நல்ல கைகள், நல்ல கருவிகள், ஆனாலும் நான்கில் ஒருவருக்கு ஏதோ மிச்சம். சி.டி. எடுத்துப் பார்த்தால் கல் நீங்கியோர் விகிதம் இன்னும் இறங்கத்தான் செய்யும், ஏனென்றால் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் சிறு துணுக்குகளைத் தவறவிடுகின்றன. ஆகவே "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெற்றி" என்று யார் சொன்னாலும், எந்தப் படத்தை வைத்து, எத்தனை நாள் கழித்து என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

இதே எச்சரிக்கை மாத்திரைக்கும் பொருந்தும். சிறுநீர்க்குழாயில் இறங்கிய கல் தானாக வெளியேற உதவும் என்று டாம்சுலோசின் பல ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகிறது. சிறு சிறு ஆய்வுகள் பல அதற்குச் சாதகமாக இருந்தன. 2015-இல் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 1,167 பேரை வைத்து, யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத வகையில் ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசின் குழுவில் 81 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 80 சதவீதம். 2018-இல் அமெரிக்காவில் 512 பேரிடம் நடந்த ஆய்விலும் பயன் தெரியவில்லை. ஆனால் சீனாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு, குழாயின் அடிப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் இருந்தால் பயன் உண்டு என்கிறது. இவை முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப்படவில்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் மூன்றில் இரண்டு பேருக்குத் தானாகவே வந்துவிடுகிறது. தானாக வருவதை மாத்திரையால் வந்ததாகக் காட்டிவிடுவது எளிது. அந்த மாத்திரையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. கல்லின் அளவும் இருக்கும் இடமும் தெரியாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியாது என்பதைத்தான் இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்கேன் அறிக்கையில் அந்த மில்லிமீட்டர் கணக்கை முதலில் தேடுங்கள்.

வலி பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் ஆபத்தாக முடியும் தவறான நம்பிக்கை இதுதான். வலி நின்றால் கல் போய்விட்டது என்று எண்ணுகிறோம். கல் குழாயை அடைத்துக்கொண்டே வலியில்லாமல் இருக்க முடியும். அப்படி மாதக்கணக்கில் இருந்தால் அந்தச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் மறு ஸ்கேன் கட்டாயம். கல்வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது முதல் வேலை கல்லை எடுப்பதல்ல. அடைபட்ட சிறுநீரை ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியாகக் குழாய் விட்டோ வடிப்பதுதான். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்களுக்கும், சிறுநீரே போகாதவர்களுக்கும் இதே விதி.

எந்த முறை நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பிரிட்டனில் 613 பேரை வைத்துக் குழாய்க் கல்லுக்கு அதிர்வலையையும் உள்நோக்கிக் கருவி வழி அறுவையையும் ஒப்பிட்டார்கள். அதிர்வலையில் தொடங்கியவர்களில் 22 சதவீதத்தினருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டது. கருவி வழியில் 10 சதவீதத்தினருக்கு. இதை வைத்து அதிர்வலை தோற்றது என்று முடிவுகட்டுவது அவசரம். அதிர்வலையில் தொடங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் கருவி உள்ளே போக வேண்டிய தேவையே வரவில்லை, செலவும் குறைவு. குஜராத்தின் நடியாத் நகரில் உள்ள முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனை, ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறுநீரகக் கற்களுக்கு மிக நுண்ணிய துளை அறுவையையும் லேசர் வளைகருவியையும் 70 பேரிடம் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டது. கல் நீங்கியது முறையே 97, 94 சதவீதம், அதாவது ஏறக்குறைய சமம். நம் நாட்டு மருத்துவமனை ஒன்று தன் முடிவுகளை எண்ணி, உலகம் படிக்கும்படி வெளியிட முடியும் என்பதற்கும் இது சான்று. கூடுதல் விலைக்குப் புதுக் கருவியைப் பரிந்துரைக்கும்போது, என் அளவுக் கல்லுக்கு மற்ற முறையைவிட இதில் என்ன கூடுதல் நன்மை என்று தயங்காமல் கேட்கலாம்.

ஸ்டென்ட் பற்றி நம் பக்கத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை. அறுவைக்குப் பின் சிறுநீர்க்குழாயில் வைக்கப்படும் டி.ஜே. ஸ்டென்ட் ஒரு தற்காலிகக் குழாய். அது உள்ளே இருக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வருவதும், இடுப்பில் இழுப்பதும், சிறுநீரில் இரத்தம் கலப்பதும் இருக்கும். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆபத்து என்னவென்றால், வலியில்லாதவர்கள் அதை மறந்துவிடுவது. மாதங்கள் போகப்போக ஸ்டென்ட் மேலேயே கல் படியும். பிறகு அதை எடுக்கவே ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை வேண்டியிருக்கும். சிறுநீரகத்தை இழந்தவர்களும் உண்டு. சென்னையிலோ புதுச்சேரியிலோ வைத்த ஸ்டென்டை எடுக்க ஓமந்தூரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. நடவு, அறுவடை, கல்யாணம் என்று அந்த நாள் தள்ளிப்போவது நமக்குத் தெரியாததல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஸ்டென்ட் உள்ளது, இன்ன தேதிக்குள் எடுக்க வேண்டும்" என்று தமிழில் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். சிக்கலில்லாத அறுவைக்குப் பின் ஸ்டென்ட் எல்லாருக்கும் தேவையில்லை என்பதும் ஆய்வுகள் நிலைநாட்டிய செய்தி. எனக்குத் தேவையா என்றும் கேட்கலாம்.

இனி ஐந்தாண்டுக் கணக்கு. கல் ஒருமுறை வந்தவர்களில் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய 31 சதவீதத்தினருக்கு மறுபடி வலி வந்ததாக அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு வட்டாரத்து மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு சொல்கிறது. இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரைப் பிரித்து, ஒரு பாதியினரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஐந்தாண்டில் அவர்களில் 12 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மறுபடி கல் வந்தது. அதே ஆய்வாளர் குழுவினர் 2002-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: பால், தயிரை ஒதுக்கிச் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தவர்களைவிட, அதை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் பாதியாகக் குறைந்தது. பால் குடிக்காதே, தக்காளி தொடாதே என்று நம் வீடுகளில் போடும் தடைகளைவிட ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் கை வைப்பதுதான் பயன் தரும். மாத்திரை ஒன்றில் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கைக்கு 2023-இல் ஓர் அடி விழுந்தது: மறுகல்லைத் தடுக்க நெடுங்காலமாக எழுதப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு, 416 பேரிடம் நடந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான பலன் எதையும் தரவில்லை.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது என்பார்கள். சரியான மறுப்பு. மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவருக்கும், கரும்புத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவருக்கும் வியர்வையில் போவதே லிட்டர் கணக்கில் இருக்கும். அவர்களுக்குச் சிறுநீர் இரண்டு லிட்டர் வர வேண்டுமென்றால் மூன்று லிட்டர் தண்ணீர் போதாது. பெண்கள் வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள் என்று தமிழ்நாட்டு வேலையிடங்களில் நடந்த ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. அப்படியானால் கழிப்பறையும் நிழலும் குடிதண்ணீரும் கல் நோய்த் தடுப்பின் பகுதிதான். வேலை கொடுப்பவரின் பொறுப்பை நோயாளியின் கவனக்குறைவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை.

வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்காத வீடில்லை. எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் சிறுநீரில் கல் உருவாக்கும் கூறுகளை அது குறைத்தது. மனிதர்களிடம் பெரிய அளவில், ஐந்தாண்டு தொடர்ந்து நடந்த ஆய்வு எதையும் நான் வாசித்ததில்லை. குடிப்பதில் தடையில்லை, அதோடு போகும் தண்ணீரும் நல்லதே. ஆனால் 12 மில்லிமீட்டர் கல்லை வைத்துக்கொண்டு சாற்றை நம்பி ஆறு மாதம் ஸ்கேனைத் தள்ளிப்போடுவது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது.

கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையால் ஒவ்வொருவரையும் மூன்று மாதம் கழித்துத் தேடிப் பிடிக்க முடியுமா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம். எல்லாருக்கும் சி.டி. வேண்டாம், கதிர்வீச்சும் செலவும் இருக்கின்றன. எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும், அவை திண்டிவனத்திலேயே எடுக்கக் கூடியவை. ஸ்டென்ட் வைத்தவர்களின் பெயரும் எடுக்க வேண்டிய தேதியும் கொண்ட ஒரு பதிவேடும், அதைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்க ஒருவரும் இருந்தால் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கல் அறுவைக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மூன்றாம் மாத ஸ்கேன் அறிக்கையும் ஸ்டென்ட் எடுத்த குறிப்பும் பதிவான பிறகு தரலாம் என்பது என் கருத்து. அதைக் கேட்க வேண்டியவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் மனு கொடுக்கும் நாம்தான். அதுவரைக்கும், கல் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய எல்லாரும் இந்த வாரமே பீரோவிலிருந்து கோப்பை எடுத்து, ஸ்டென்ட் தேதியையும் மறு ஸ்கேன் தேதியையும் பாருங்கள். தேதி கடந்திருந்தால் நாளைக்கே கிளம்புங்கள்.